கணக்கு சரி, ஆள் எங்கே?



தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. பெரும்பாலும் அரசியல்வாதிகளைப் பற்றிப் பேசும்போது சொல்வோம், அதுவும் ஒரு சிரிப்போடு. நக்கினால் நக்கிட்டுப் போறான், சட்டியில் மீதி இருக்கே என்கிற தாராள மனசு அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தேன் இன்னொருவருடைய ஒரே சாப்பாடு என்றால்? அவருக்குச் சட்டியை எட்டிப் பார்க்கவும் முடியாது, "என் தேன் எங்கே?" என்று கேட்கவும் வழியில்லை என்றால்?

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். மாற்றுத் திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையை, அவர்கள் சார்பில் வாங்கிச் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா, அப்பா, அண்ணன், விடுதி நடத்துபவர், தொண்டு நிறுவனம் என்று பல வகை. இவர்களைக் கண்காணிப்பது யார்? எப்படி? கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பி.காம். பசங்களுக்கு ஆடிட்டிங் பேப்பருக்கும் உதவும் :-)

உதாரணத்துக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். அவர்களைப் புகழ்வதற்காகவோ திட்டுவதற்காகவோ இல்லை. 80 வருஷத்துக்கும் மேலாக இந்த ஏற்பாட்டை மிகப் பெரிய அளவில் நடத்துகிறார்கள். எங்கெல்லாம் ஓட்டை விழுந்ததோ அதெல்லாம் கோர்ட் கேஸாகவும் சட்டத் திருத்தமாகவும் பதிவாகியிருக்கிறது. அவர்கள் பட்டதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம். கடைசியில் நம்மூருக்கும் வருகிறேன்.

பேயீ என்றால் யார்?

அமெரிக்காவில் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி எல்லாவற்றையும் கொடுப்பது சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம். பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாதவர் என்று நிர்வாகம் முடிவு செய்தால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் பெயரில் பணத்தைக் கொடுக்கும். அந்த இன்னொருவருக்குப் பெயர் ரெப்ரசன்டேட்டிவ் பேயீ. சுருக்கமாக பேயீ. (பேய் இல்லைங்க, பேயீ. கீழே வரும் சில கேஸ்களைப் படித்தால் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று உங்களுக்கே தோன்றும்.)

1939-ல் செய்த சட்டத் திருத்தத்திலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. 1974-ல் எஸ்.எஸ்.ஐ. என்ற திட்டம் ஆரம்பித்தது. வருமானம் இல்லாத முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மாதாமாதம் பணம். அதிலிருந்து பேயீக்களின் தேவை மளமளவென்று கூடியது. 2018 வாக்கில் சுமார் 80 லட்சம் பேருடைய பணம் பேயீக்கள் கைவழியாகப் போய்க்கொண்டிருந்தது. இதில் பெரும்பகுதி குழந்தைகள், அவர்களுக்குப் பெற்றோர்தான் பேயீ. மீதியில் அறிவுசார் குறைபாடு, மனநோய், முதுமை மறதி உள்ள பெரியவர்கள்.

விதிகள் படிக்க நன்றாகவே இருக்கின்றன. பணம் பயனாளியின் சாப்பாடு, வீடு, உடை, மருத்துவம், சொந்தத் தேவைகளுக்குத்தான் போக வேண்டும். மிச்சத்தை அவர் பெயரில் சேமிக்க வேண்டும். பேயீ தன் பணத்தோடு கலக்கக்கூடாது. விதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரச்சினை, அதை நடத்துகிறார்களா என்று பார்க்கும் இடத்தில்.

மூன்று எண்கள்

ரொம்ப காலம் எல்லாப் பேயீக்களிடமும் வருடாந்தரக் கணக்கு கேட்கும் வழக்கமே இல்லை. 1983-ல் ஓக்லஹோமாவில் ஒரு ஃபெடரல் கோர்ட், ஜோர்டன் எதிர் ஷ்வைக்கர் என்ற வழக்கில், எல்லாப் பேயீக்களும் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 1984-ல் அமெரிக்க காங்கிரஸ் அதைச் சட்டத்திலேயே கொண்டுவந்தது. அப்பாடா, பிரச்சினை முடிந்தது என்று நினைப்போம்.

அந்தக் கணக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு படிவம் வரும். அதன் மையம் மூன்று எண்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் எவ்வளவு? துணிமணி, மருத்துவம், படிப்பு, பொழுதுபோக்கு போன்ற மற்றவற்றுக்கு எவ்வளவு? மிச்சம் எவ்வளவு? கையெழுத்து. முடிந்தது. பில் எதையும் இணைக்க வேண்டாம். இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும்.

நம்ம பசங்களுக்கு இது உடனே உறுத்தும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே டேலி ஆக்குவது அதைவிட சுலபம். வருஷத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரியும். அதே தொகையை மூன்றாகப் பிரித்து எழுதத் தெரிந்தால் போதும். நேர்மையான அம்மாவும் அப்படித்தான் எழுதுவார், திருடனும் அப்படித்தான் எழுதுவான். சொல்லப் போனால் திருடன் இன்னும் அழகாக எழுதுவான், அவனுக்குத்தான் அதில் அக்கறை அதிகம்.

அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கவுன்சில் 2007-ல் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து ஒரு அறிக்கை கொடுத்தது. மோசடி செய்யும் பேயீக்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது. கூடவே, இந்த வருடாந்தரப் படிவம் மோசடியைக் கண்டுபிடிக்க உதவவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். ஆனால் கெட்டவர் யார் என்று அந்தப் படிவத்தால் சொல்ல முடியாது.

நாலு கேஸ், நாலு ஓட்டை

முதல் கேஸ், கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ, 1988. டொரோதியா புவென்டே என்ற பெண்மணி ஒரு விடுதி நடத்தினார். முதியவர்கள், மனநோயாளிகள், ஆதரவற்றவர்கள் தங்கும் இடம். அவர்களுடைய உதவித்தொகை செக்குகள் இவர் கைக்கு வரும். அந்த நவம்பரில் போலீஸ் தோட்டத்தைத் தோண்டியபோது ஏழு உடல்கள் கிடைத்தன. ஆட்கள் மண்ணுக்குள் போன பிறகும் செக்குகள் பணமாகிக்கொண்டிருந்தன. இதில் கொடுமை, அவர் ஏற்கெனவே முதியவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத் திருடியதற்காக 1982-ல் தண்டனை பெற்றவர். முதியவர்களிடம் போகக்கூடாது, அரசாங்க செக்குகளைத் தொடக்கூடாது என்று பரோல் நிபந்தனையே இருந்தது. பரோல் அதிகாரிகள் பலமுறை வந்துபோன வீடு அது! 1993-ல் மூன்று கொலைகளுக்காகத் தண்டனை, 2011-ல் சிறையிலேயே இறந்தார்.

இங்கே ஓட்டை என்ன? பணம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் ஒரு அலுவலகம் பார்த்தது. பணம் யாருக்கோ அந்த ஆள் இருக்கிறாரா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாவது கேஸ்தான் என்னை ரொம்பப் பாதித்தது. அயோவா மாநிலத்தில் அட்டலிஸா என்ற குட்டி ஊர். ஹென்றிஸ் டர்க்கி சர்வீஸ் என்ற டெக்சஸ் கம்பெனி, அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்களை 1970-களில் அங்கே கொண்டுவந்து ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்க வைத்தது. பக்கத்து ஊரில் உள்ள வான்கோழித் தொழிற்சாலையில் அவர்களுக்கு வேலை. வான்கோழியைத் தொங்கவிடுவது, குடலை உருவுவது என்று கடும் உழைப்பு. கம்பெனிதான் முதலாளி. கம்பெனிதான் வீட்டுக்காரர். கம்பெனிதான் பராமரிப்பாளர். இவ்வளவும் போதாது என்று, அவர்களின் அரசு உதவித்தொகையை வாங்கும் பேயீயும் கம்பெனிதான்!

சம்பளத்திலிருந்தும் உதவித்தொகையிலிருந்தும் தங்கும் செலவு, சாப்பாடு, 'பராமரிப்பு' என்று பிடித்துக்கொண்டது போக ஒருவர் கைக்கு வந்தது மாதம் 65 டாலர். எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும் 65 டாலர். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் 65 டாலர். 2009 பிப்ரவரியில், அங்கிருந்த ஒருவருடைய சகோதரி கேள்வி கேட்க ஆரம்பித்து, டெ மாயின் ரெஜிஸ்டர் பத்திரிகை விசாரித்து, அதிகாரிகள் உள்ளே போனார்கள். கரப்பான்பூச்சி, ஒழுகும் கூரை, அந்தக் குளிர் தேசத்தில் சரியாக வேலை செய்யாத ஹீட்டர், பலகை அடித்து மூடிய ஜன்னல்கள். அங்கிருந்த 21 பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். பலர் நடுத்தர வயதைத் தாண்டியிருந்தார்கள். இளைஞர்களாக வந்தவர்கள்.

இதே பத்திரிகை 1979-லேயே இந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறது. முப்பது வருஷம்!

2013 மே மாதம், சமவேலை வாய்ப்பு ஆணையம் போட்ட வழக்கில் ஜூரி 24 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. 32 பேர், ஆளுக்கு 75 லட்சம் டாலர். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? சின்னக் கம்பெனிகளுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருந்ததால் அது ஆளுக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 16 லட்சம் டாலராகக் குறைந்தது. இதற்கு முன்பே 2012-ல் சம்பளப் பாக்கிக்காக சுமார் 13 லட்சம் டாலர் தீர்ப்பாகியிருந்தது.

இப்போது அந்த மூன்று எண் படிவத்தை இந்தக் கம்பெனி நிரப்புவதாக நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் எவ்வளவு? முழுத் தொகையும். பொய்யா? இல்லையே. தங்கினார்கள், சாப்பிட்டார்கள். வாங்கியவரும் கம்பெனி, விற்றவரும் கம்பெனி, விலை வைத்தவரும் கம்பெனி, கணக்கு எழுதியவரும் கம்பெனி. நாலு தொப்பியும் ஒரே தலையில் இருந்தால் எந்த ஆடிட்டர் வந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் படிக்கிறோமே, கேஷ் வாங்குகிறவரும் லெட்ஜர் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று. ஒரு பெட்டிக்கடைக்குச் சொல்லும் அந்தப் புத்தியை, ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கைக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது, ஃபிலடெல்ஃபியா, 2011 அக்டோபர். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், பாய்லர் அறையில், நாலு மாற்றுத் திறனாளிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார். கண்டுபிடித்தது அரசாங்கம் இல்லை, கட்டட உரிமையாளர். லிண்டா வெஸ்டன் என்ற பெண் ஆட்களை மாநிலம் மாநிலமாகக் கடத்திக்கொண்டுபோய், பத்து வருஷத்தில் சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம் டாலர் உதவித்தொகையைச் சுருட்டியிருந்தார். இரண்டு பேர் இறந்தும் போனார்கள். அவர் 1980-களிலேயே ஒருவரை அடைத்து வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றதற்காக ஜெயிலுக்குப் போனவர். அப்படிப்பட்டவரைத்தான் பேயீ ஆக்கியிருந்தார்கள். 2015-ல் ஆயுள் தண்டனையும் மேலே 80 வருஷமும் கிடைத்தது.

குற்றப் பின்னணியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் ஒரு ஒழுங்குக்கு வந்தது. முதலில் ஃபிலடெல்ஃபியாவில் சோதனை முறையில் ஆரம்பித்து, 2018 சட்டத்தில் நிரந்தரமாக்கினார்கள். ஒரு கம்பெனியில் கேஷியர் வேலைக்கே நாலு பேரிடம் விசாரிப்பார்கள்!

நாலாவது கேஸ் 'டீசன்ட்' ஆட்கள் செய்தது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் அயுதாண்டோ கார்டியன்ஸ் என்ற தொண்டு நிறுவனம். ஸ்பானிஷில் அயுதாண்டோ என்றால் உதவி செய்வது. மாற்றுத் திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் எனப் பலருடைய பணத்துக்கும் கார்டியன், பேயீ. 2017-ல் விஷயம் வெளியே வந்தபோது ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கு மேல் காணோம். சொகுசுக் கப்பல் பயணம், வீடு, வண்டி என்று நிர்வாகிகள் அனுபவித்திருந்தார்கள். தலைவிக்கு 2021-ல் 47 வருஷ சிறை. இத்தனைக்கும் இவர்களிடம் கணக்கு கேட்கப்படாமல் இல்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டையே திருத்திக் கொடுத்தார்கள்!

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைப் படித்தவுடன் சத்யம் ஞாபகம் வந்திருக்கும். 2009 ஜனவரியில் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில் 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லவே இல்லை என்று வந்ததே, அதே வியாதிதான். வங்கி இருப்பை வங்கியிடமே நேராகக் கேட்டு வாங்க வேண்டும், கம்பெனிக்காரர் நீட்டும் தாளை நம்பக்கூடாது. கோடிக்கணக்கான பங்கு முதலீட்டாளர்களுக்கு ஒரு பாடம் என்றால், தன் பாஸ்புக்கையே பார்த்திராத ஒரு மனிதருக்கு அது பத்து மடங்கு பாடம்.

எதிர்த்தரப்பு சொல்வதும் நியாயம்தான்

இவ்வளவு படித்ததும், எல்லாப் பேயீக்களையும் வரிசையில் நிற்க வைத்து பில் கேளுங்கள் என்று கத்தத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது சரியில்லை.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். முப்பது வயதைத் தாண்டிய மகனைக் குளிப்பாட்டுவதிலிருந்து ஊட்டிவிடுவது வரை அவர்தான். மகன் பெயரில் மாதாமாதம் வரும் உதவித்தொகை, அவனுக்கு ஆகும் டயபர், மாத்திரை செலவில் பாதிக்குக்கூடக் காணாது. மீதியை அவர் வீட்டு வேலை செய்து சம்பாதித்துப் போடுகிறார். அவரிடம் போய், "போன மார்ச் மாதம் இட்லி மாவு வாங்கின பில்லைக் காட்டுங்க" என்று கேட்டால் நம்மை விளக்குமாற்றால் அடிப்பார். அடிக்கவும் வேண்டும்.

2018 சட்டத்தில் அமெரிக்காவே இதை ஒத்துக்கொண்டது. மாற்றுத் திறனாளிப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் பெற்றோரும், கணவன் அல்லது மனைவியைப் பார்த்துக்கொள்கிறவரும் வருடாந்தரப் படிவம் கொடுக்க வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். ரசீதுகளை வைத்திருந்தால் போதும். அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காக ஏற்கெனவே இயங்கும் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து, பேயீக்களை ஆய்வு செய்யச் சொன்னது. இவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பயனாளியை நேரில் பார்த்துப் பேசுகிறார்கள், அவர் தங்கும் இடத்தைப் பார்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த எழுபது, எண்பது வருஷ அனுபவத்தில் உருப்படியான மாற்றம் இதுதான். தாளைக் குறைத்து, காலை எடுத்து வைத்து நடக்கச் சொன்னது.

என் கட்சி என்ன?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. யாருக்காகக் கணக்கு எழுதப்படுகிறதோ அந்த ஆளைப் பார்க்காமல் கணக்கை மட்டும் பார்ப்பது கண்காணிப்பே இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், அது கண்காணிப்பு இல்லாததைவிட மோசம். ஏனென்றால் ஃபைலில் ஒரு தாள் இருக்கிறது, சீல் இருக்கிறது, "வருஷா வருஷம் கணக்கு வருதே, சார்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கிறது. தாள் இல்லாவிட்டால் யாருக்காவது சந்தேகமாவது வந்திருக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒன்று, ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லோரையும் எல்லா வருஷமும் பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆடிட்டில் நாம் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, ரிஸ்க் எங்கே அதிகமோ அங்கே பார்க்கிறோம். அம்மா வீட்டில் ரிஸ்க் குறைவு. ஒரே ஆள் பதினைந்து பேருடைய பணத்தை வாங்குகிறாரா? அங்கே போ. அமெரிக்காவில் 2004 சட்டப்படி 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பேயீயாக இருக்கும் தனிநபர்களையும், பெரிய நிறுவனங்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. சரியான யோசனை. ஆனால் நம் ஃபிலடெல்ஃபியா ஆசாமி எந்தப் பட்டியலிலும் வராத சில்லறை ஆள். அதனால் உறவுக்காரர் அல்லாதவர், அடிக்கடி முகவரி மாற்றுகிறவர், திடீரென்று புதிதாக முளைத்தவர் என்று அடையாளங்கள் வைத்தும் போக வேண்டும்.

போய் என்ன கேட்பது? சி.ஏ. படித்தவர் வேண்டாம், ஒரு நல்ல மனுஷன் போதும். நேற்று என்ன சாப்பிட்டீங்க? எங்கே படுக்கிறீங்க? இது யார் வாங்கிக் கொடுத்த சட்டை? உங்களுக்குப் பணம் வருதுன்னு தெரியுமா? கையில் செலவுக்கு ஏதாவது தர்றாங்களா? யாராவது அடிச்சா யாரிடம் சொல்வீங்க? அட்டலிஸாவில் யாராவது வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஆறு கேள்வியைத் தனியாக உட்கார்ந்து கேட்டிருந்தால் முப்பது வருஷம் ஓடியிருக்காது. பேச முடியாதவர் என்றால் அவர் படுக்கையையும் உடம்பையும் மாத்திரை டப்பாவையும் பார்த்தால் போதும், அவையே பேசும்.

இரண்டு, தொப்பிகளைப் பிரிக்க வேண்டும். வேலை கொடுக்கிறவரும் வாடகை வாங்குகிறவரும் அதே ஆளின் உதவித்தொகையை வாங்கக்கூடாது. வேறு வழியே இல்லாத இடத்தில் அனுமதித்தால், அந்த இடம்தான் நேரில் போய்ப் பார்க்கும் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

மூன்று, வங்கிக் கணக்கின் நகல் பேயீ கையைத் தொடாமல் கண்காணிப்பாளருக்கு நேராக வர வேண்டும். இந்தக் காலத்தில் இது ஒரு பெரிய வேலையே இல்லை.

நாலு, மோசடி நடந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் 2004-க்குப் பிறகு, நிறுவனப் பேயீயோ 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்களைப் பார்க்கும் தனிநபரோ சுருட்டினால் அரசாங்கம் பயனாளிக்குத் திரும்பக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு சித்தப்பா சுருட்டினால், அரசாங்கத்தின் கவனக்குறைவு என்று நிரூபணமானால்தான் அப்படிக் கிடைக்கும். இல்லையென்றால் சித்தப்பாவிடமிருந்து வசூலாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். திருடப்பட்டவருக்குத் திருடன் யாராக இருந்தால் என்ன? அவரைத் தேர்ந்தெடுத்தது நீ. நஷ்டமும் உன்னுடையதுதான் என்று ஆக்கிவிட்டால், தேர்ந்தெடுக்கும்போதே கவனம் வந்துவிடும்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.ஐ. வாங்கும் ஒருவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் உதவியே நின்றுவிடும். 1989-லிருந்து அதே 2,000. ஆக, மிச்சம் பிடிக்கிற நல்ல பேயீக்குத் தண்டனை, "எல்லாம் செலவாகிவிட்டது" என்று எழுதுகிறவருக்குப் பரிசு. விதி எழுதுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

நம்மூரில்?

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கார்டியன் நியமிக்க மாவட்ட அளவில் ஒரு குழு. அதில் கலெக்டர் அந்தஸ்தில் ஒரு அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத் திறனாளி. கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். பிரிவு 16.

படித்ததும் பழகிய வாசனை அடிக்கிறதா? கணக்கு கேட்கிறார்கள், நல்லது. ஆனால் அந்தப் பிரிவில் ஆளைப் போய்ப் பார் என்று ஒரு வரி இல்லை.

அடுத்த பிரிவு இன்னும் முக்கியம். கார்டியன் கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ அவரை நீக்கச் சொல்லி யார் மனு கொடுக்கலாம் என்று பிரிவு 17 சொல்கிறது. பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு. அவ்வளவுதான். யாருடைய பணமோ, யாருடைய உடம்போ, அவர் அந்தப் பட்டியலில் இல்லை! அவருக்குப் புரியாது என்று நாமே முடிவு செய்துவிட்டோம். 

தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாய். சின்னத் தொகைதானே, இதற்கெல்லாமா கண்காணிப்பு என்று கேட்கலாம். தொகை சின்னதுதான். ஆனால் அது ஒரு ஆளுக்கு மொத்த வருமானம். அட்டலிஸாவின் 65 டாலரும் சின்னத் தொகைதான்.

இப்படி எழுதினால் பெற்றோரைச் சந்தேகப்படுகிறாயா என்று சிலர் கோபப்படலாம். நிஜத்தில் இது அவர்களுக்காகத்தான். எங்கள் தெரு அம்மாவுக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் ஒரே கேள்விதான், "எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?" அவர் இருக்கும்வரை அவனுக்குக் கண்காணிப்பு தேவையில்லை, அவரே போதும். அவர் இல்லாத அன்று ஒரு பெரியப்பா மகனோ ஒரு விடுதியோ அந்த ஏ.டி.எம். கார்டைக் கையில் வாங்கும். அன்றைக்கு மாதம் ஒரு தடவை இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருவர் கதவைத் தட்டி, "தம்பி, சாப்பிட்டியா?" என்று அவனிடமே நேராகக் கேட்பார் என்ற நம்பிக்கையை அந்த அம்மாவுக்குக் கொடுக்க முடியுமா?

சட்டத்தில் இரண்டே திருத்தம் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது பிரிவு 16-ல் வரட்டும், ரிஸ்க் பார்த்து வரிசை வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கக்கூடியவர்கள் பட்டியலில், பிரிவு 17-ல், முதல் பெயராக அந்த மாற்றுத் திறனாளியின் பெயர் வரட்டும். கணக்கு அதற்குப் பிறகு டேலி ஆனால் போதும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம். அடுத்த பதிவில் சந்திக்கிறேன்.